ஒத்தை நாய்களுக்கு ஓர் அலமாரி

ஜோடியாகக் கிடைக்கும் பீங்கான் நாயை நான் வாங்குவதில்லை. இங்கிலாந்தில் பழம்பொருள் விற்கிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஸ்டாஃபர்ட்ஷயர் நாய் என்றாலே இரண்டுதான். கணப்பின் மேல்தட்டில் கடிகாரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று உட்கார்த்தி வைக்கத்தான் அவற்றைச் செய்தார்கள். அதில் ஒன்று உடைந்து இன்னொன்று மட்டும் மிஞ்சினால் விலை பாதியாவதோடு நிற்காது, அதற்கும் கீழே இறங்கும், சில சமயம் நாலில் ஒரு பங்குக்கே வந்துவிடும். அந்த விலையில் விற்கிற ஒத்தை நாய்களைத்தான் நான் சேர்க்கிறேன். காசு மிச்சம் என்பது ஒரு காரணம், அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை.

இதைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு ஸ்பேனியல் நாய் உட்கார்ந்திருக்கும். உடம்பு பக்கவாட்டில் இருக்க, முகம் மட்டும் நம் பக்கம் திரும்பியிருக்கும். வெள்ளை உடம்பு, அங்கங்கே செங்காவித் திட்டுகள், தொங்கும் காதுகள், கழுத்தில் பொன்னிறப் பட்டை, அதில் குட்டியாக ஒரு பூட்டு, அங்கிருந்து மார்பின் குறுக்கே முதுகுக்குப் போகும் ஒரு சங்கிலி. செங்காவிக்குப் பதில் கறுப்புத் திட்டும் உண்டு, செம்பு மினுக்கமும் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை பல அளவுகளில் கிடைக்கும். முதுகுப்புறம் பெரும்பாலும் வண்ணமே இருக்காது, சுவரைப் பார்க்கிற பக்கத்துக்கு எதற்குச் செலவு என்று விட்டுவிட்டார்கள். முகம்தான் விசேஷம். நாய் முகத்துக்குள்ளிருந்து மனுஷ முகம் எட்டிப் பார்க்கும். சிலது முறைக்கும், சிலது திருதிருவென்று விழிக்கும், ஒன்றிரண்டு எதற்கோ நம்மேல் வருத்தமாக இருப்பது போலவே தெரியும்.

இவை செய்யப்பட்ட ஊர், ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் இருக்கும் ஸ்டோக் ஆன் ட்ரென்ட். டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு சிற்றூர்கள் ஒட்டிச் சேர்ந்த இடம். நிலக்கரி காலடியிலேயே இருந்தது. வெள்ளைக் களிமண் மட்டும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலிலிருந்து கப்பலில் வந்து, அப்புறம் 1777-இல் திறந்த ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாய் வழியே படகில் ஊருக்குள் வரும். புட்டி வடிவத்தில் உயர்ந்து நிற்கும் செங்கல் சூளைகள் ஒரு காலத்தில் இரண்டாயிரம் வரை இருந்தனவாம். இன்று ஐம்பதுகூட இல்லை. லாங்டனில் இருக்கும் கிளாட்ஸ்டன் மட்பாண்ட அருங்காட்சியகத்துக்குப் போனால் அப்படிப்பட்ட சூளைக்குள்ளேயே நுழைந்து நின்று பார்க்கலாம். அங்கே நின்றால்தான் ஒன்று புரியும். இந்த நாய்கள் பணக்காரர்கள் வீட்டுக்காகச் செய்த பொருளே இல்லை. பணம் இருந்தவர்கள் ஜெர்மனியிலிருந்து மைசன் பீங்கான் வாங்கினார்கள், 1740-களில் யோஹான் யோவாக்கிம் கேண்ட்லர் அங்கே வடித்த பக் நாய்கள் அரசவைக்காரர்களின் மேசைமேல் உட்கார்ந்திருந்தன. ஸ்டாஃபர்ட்ஷயர் நாய் சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கும், நெசவாலைக்குப் போகிறவர் வீட்டுக்கும், குடியானவர் குடிசைக்கும் போனது. திருவிழாச் சந்தையில் வாங்கி வந்து வைக்கிற சாமான்.

செய்முறை எளிது. நாயின் முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு, இரண்டும் சாந்தில் வார்த்தவை. சப்பாத்தி கனத்துக்குத் தட்டிய களிமண்ணை இரண்டிலும் கையால் அமுக்கி, ஓரத்தில் மண்குழம்பு தடவிச் சேர்த்து அழுத்தினால் உள்ளே வெற்றிடத்தோடு ஒரு நாய் வெளியே வரும். சூளையில் காற்று விரிந்து வெடிக்காமல் இருக்க எங்காவது ஒரு சின்னத் துளை போடுவார்கள். ஒரு சுடுதல், அப்புறம் கிளேஸ் என்கிற கண்ணாடி மாதிரியான மேற்பூச்சு, இன்னொரு சுடுதல், அதன்மேல் வண்ணமும் பொன்னும், அதற்கு மறுபடியும் சூளை. பார்க்கிற திசை வேறு என்பதால் ஜோடியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு. அதாவது, இரண்டும் பிறப்பிலேயே வேறு வேறு பொருள்தான். ஒரே மேசையில் ஒரே கையில் வண்ணம் பெற்றால் அவை ஜோடி, அவ்வளவுதான்.

அந்தக் கை யாருடையது என்பது இந்த விஷயத்தில் கொஞ்சம் கசப்பான பகுதி. வண்ணம் பூசியவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஸ்டோக் பட்டறைகளில் குழந்தைகள் பட்ட பாட்டை 1841-இல் அரசாங்கத்துக்காக சாமுவேல் ஸ்கிரிவன் என்பவர் விசாரித்து எழுதியிருக்கிறார். ஈர அச்சுகளைத் தூக்கிக்கொண்டு கொதிக்கும் உலர்த்தும் அறைக்கும் குளிர்ந்த பட்டறைக்கும் நாள் முழுக்க ஓடிய பையன்கள் அதில் வருகிறார்கள். மட்பாண்டத் தொழிலுக்குத் தொழிற்சாலைச் சட்டம் வந்து சேர்ந்தது 1864-இல்தான். இதோடு கிளேஸில் ஈயம் வேறு. நாயை அதில் முக்கியெடுக்கிற வேலை செய்தவர்கள் பலர் ஈய நஞ்சேறிப் படுத்தார்கள். ‘அழகான விக்டோரியா காலத்து அலங்காரம்’ என்று ஏலக் கம்பெனிகள் விவரணையில் எழுதும்போது எனக்கு லேசாக எரிச்சல் வரும். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் புருவத்தைப் பத்து வயசுப் பிள்ளை ஒன்று எழுதியிருக்கலாம், எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அவசரமாக எழுதியிருக்கலாம், அதனால்தான் இடது கண் வலதைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது.

நான் ஒத்தையாக வாங்குவதற்கு முக்கியக் காரணம் இந்த ஏறிய கண்தான். ஜோடியை வைத்துப் பார்க்கும்போது நம் கண் ஒற்றுமையைத்தான் தேடும், உயரம் சரியா, சங்கிலி சரியா, திட்டுகள் எதிரெதிரே விழுகின்றனவா என்று. ஒரே நாயை எடுத்து மேசைமேல் வைத்தால் வேறு வழியில்லை, அதையே பார்த்தாக வேண்டும். மீசைப் புள்ளிகளைத் தூரிகை நுனியால் எந்தப் பக்கமிருந்து குத்திக்கொண்டு வந்தார்கள், எந்த இடத்தில் வண்ணம் தீர்ந்து மறுபடி தொட்டார்கள், பூட்டை எழுத நேரமில்லாமல் ஒரு பொட்டோடு விட்டார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கொலுவில் மரப்பாச்சி ஜோடியில் ஒன்று தொலைந்துவிட்டால் மிஞ்சியதைப் பரணில் தூக்கிப் போடுகிற மாதிரிதான் இங்கேயும் ஒத்தை நாய்களை நடத்துகிறார்கள். கடையில் கடைசி வரிசையில், விலைச்சீட்டில் ‘சேதமுள்ளது’ என்று எழுதி, சில சமயம் சேதமே இல்லாவிட்டாலும்.

இந்த நாய் ஏன் இவ்வளவு பரவியது என்று கேட்டால் எல்லாரும் விக்டோரியா ராணியின் டாஷைச் சொல்வார்கள். அது உண்மையான நாய், கிங் சார்லஸ் ஸ்பேனியல், 1833-இல் அவருடைய அம்மாவுக்குப் பரிசாக வந்து, மகளோடு ஒட்டிக்கொண்டது. 1838 ஜூன் 28 அன்று முடிசூட்டு விழா முடிந்து அரண்மனைக்குத் திரும்பிய பத்தொன்பது வயசு ராணி முதல் வேலையாக டாஷைக் குளிப்பாட்டினார் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். எட்வின் லாண்ட்சீர் டாஷை ஓவியமாகவும் தீட்டினார். ராணி வீட்டு நாய் என்ற மோகம் உதவியிருக்கும், மறுக்க முடியாது. ஆனால் நாட்டில் கணப்பில்லாத வீடு கிடையாது, கணப்பின்மேல் தட்டில்லாத வீடும் கிடையாது, தட்டென்றால் இரண்டு ஓரமும் காலியாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கு டாஷைவிடப் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஸ்காட்லாந்திலும் இதே நாய்களைச் செய்தார்கள், போனெஸ், ப்ரெஸ்டன்பான்ஸ் பக்கமெல்லாம் பட்டறைகள் இருந்தன. அங்கே இதற்கு ‘வாலி டக்’ என்று பெயர், இன்றைக்கும் கிளாஸ்கோவில் பாட்டி வீட்டு ஞாபகம் என்றால் பலருக்கு இதுதான். வடகடலைத் தாண்டி ஜெர்மனியின் வடகரையிலும் டென்மார்க்கிலும்கூட ஜன்னல்களில் இந்த நாய்கள் உட்கார்ந்திருக்கும். இங்கிலாந்துக்குப் போய்வந்த மாலுமிகள் கொண்டுபோய்ச் சேர்த்தவை. இதை வைத்து ஒரு கதை உண்டு. புருஷன் கடலில் இருந்தால் நாய்கள் வெளியே பார்க்கும், வீட்டுக்கு வந்துவிட்டால் உள்ளே பார்க்கும், வேறு யாருக்கோ அது சமிக்ஞை என்று கண்ணடித்துச் சொல்வார்கள். எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லாமல் ஜோடியை விற்க மாட்டார். நான் நம்புவதில்லை. முதுகில் வண்ணமில்லாத நாயைத் தெருப்பக்கம் திருப்பினால் வீட்டுக்குள் இருக்கிறவர்கள் தினமும் வெறும் முதுகைத்தானே பார்க்க வேண்டும்!

சரி, பழசா புதுசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைத்தான் நண்பர்கள் அதிகம் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி, ஏனென்றால் சந்தையில் கிடப்பவற்றில் பெரும்பங்கு பிற்காலத்தது. அச்சுகள் அழியவில்லை என்பதுதான் சிக்கலே. லாங்டனில் சாம்ப்சன் ஸ்மித் என்பவரின் பட்டறை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த நாய்களைக் குவியல் குவியலாகச் செய்தது. அங்கே கிடந்த பழைய அச்சுகளை இருபதாம் நூற்றாண்டில் தூசி தட்டி எடுத்து மறுபடி நாய் பிடித்தார்கள். பர்ஸ்லமின் வில்லியம் கென்ட் கம்பெனி பழைய அச்சுகளை வைத்தே 1962 வரை உருவங்கள் செய்துவந்தது. அதே அச்சு, அதே ஊர், ஆனால் நூறு வருஷம் தள்ளி. இதைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1850 என்று சீட்டு ஒட்டி விற்றால் மட்டும் மோசடி.

முதலில் நாயைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். (கடைக்காரரைக் கேட்டுவிட்டு!) அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தால் அது குழம்பை ஊற்றி வார்த்தது, அநேகமாக இருபதாம் நூற்றாண்டு. கையால் அமுக்கிச் செய்ததில் துளை சின்னதாக, பென்சில் முனைகூடச் சிரமப்பட்டு நுழைகிற மாதிரி இருக்கும், அடியிலோ முதுகிலோ. அடுத்தது கனம். ஊற்றி வார்த்தது எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் லேசாக இருக்கும். அமுக்கிச் செய்தது ஒரு பக்கம் கனத்து ஒரு பக்கம் இளைத்திருக்கும், கையில் எடுத்ததும் லேசாகச் சாயும். முன்னங்கால்களில் ஒன்று உடம்பை விட்டு விலகித் தனியாக நின்றால் நல்ல சகுனம். அதைத் தனியாகச் செய்து ஒட்ட வேண்டும், கூலி அதிகம், அதனால் மலிவான பிற்காலத்து நாய்களில் காலை உடம்போடு சேர்த்தே வழித்துவிட்டார்கள். கண்ணாடிக் கண் பதித்தவை 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தவை.

பொன்தான் எனக்குப் பிடித்த சாட்சி. பழைய நாயின் சங்கிலியில் இருக்கும் பொன் மங்கலாக, மஞ்சள் வெயில் நிறத்தில் இருக்கும். சூளையிலிருந்து வந்தபிறகு அகேட் கல்லால் தேய்த்துத்தான் அந்தப் பொலிவை ஏற்றுவார்கள். 1880 வாக்கில் புட்டியில் வரும் திரவப் பொன் புழக்கத்துக்கு வந்தது. தேய்க்கவே வேண்டாம், சூளையிலிருந்து வரும்போதே கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஆனால் துணியால் துடைக்கத் துடைக்க உதிர்ந்து போகும். ஆக, பளீரென்று மின்னும் பொன்னைப் பார்த்ததும் ‘ஆகா, பழைய தங்கம்’ என்று பூரிக்காமல் ஐம்பது வருஷத்தை மனசுக்குள் கழித்துக்கொள்ளுங்கள்.

அடியில் முத்திரை தேடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் சாதாரணப் பட்டறைகள் பெரும்பாலும் பெயர் போடவில்லை. அமெரிக்காவில் 1890-இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தே தீர வேண்டும் என்றது, அதற்கப்புறம்தான் ‘இங்கிலாந்து’ என்ற சொல் அடியில் வரத் தொடங்கியது. கொட்டை எழுத்தில் ‘ஸ்டாஃபர்ட்ஷயர்’ என்று முத்திரை குத்தியிருந்தால் அது தன் வயசைத் தானே காட்டிக்கொடுக்கிற நாய். கிளேஸில் வலைப்பின்னலாக ஓடும் மெல்லிய வெடிப்புகளை வைத்து மட்டும் முடிவு செய்வதும் ஆபத்து. புதுசிலும் அதை வரவழைத்து, பழுப்பு ஏற்றி விற்கிறார்கள். அப்படிச் செய்தது எல்லா இடத்திலும் ஒரே சீராக, பெரிய கட்டங்களாக இருக்கும். வயசானதில் ஓரிடத்தில் நெருக்கமாக, இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லாமல் தன் இஷ்டத்துக்கு ஓடும்.

ஜோடி என்று விற்கப்படுபவை எல்லாமும் ஜோடி இல்லை. இரண்டு இடத்தில் கிடைத்த இரண்டு ஒத்தைகளைச் சேர்த்து வைத்து விற்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான், கல்யாணம் பண்ணிவைத்த ஜோடி என்று அவர்களே சொல்வார்கள். நேர்மையான டீலர் சொல்லிவிடுவார். சொல்லாதவர்களிடம், முகத்தை விட்டுவிட்டு சங்கிலியைப் பார்க்க வேண்டும். ஒருவர் கண்ணிகளைக் கமா கமாவாகப் போட்டிருப்பார், இன்னொருவர் புள்ளி வைத்து நகர்ந்திருப்பார். முகத்தை ஒப்பேற்றினாலும் சங்கிலியில் கை மாறியது தெரிந்துவிடும். நான் ஒத்தை வாங்கப் போனால் சில டீலர்கள், “கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கு இதற்கு ஜோடி தேடித் தருகிறேன்” என்று உதவ வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சேதத்தைப் பற்றி. பழுதுபார்த்த நாயைப் பழுதில்லாதது மாதிரி விற்பதுதான் இதில் பெரிய தொல்லை. ஒரு சின்ன புற ஊதா விளக்கு பையில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே பூசிய புது வண்ணம் இருட்டில் வேறு நிறத்தில் ஒளிரும். விளக்கில்லாவிட்டால் பழைய டீலர்கள் செய்வது பல் சோதனை. சந்தேகமான இடத்தை முன்பல்லில் லேசாகத் தொட்டால் கிளேஸ் சில்லென்று கடினமாக இருக்கும், பெயின்ட் மெத்தென்று இருக்கும். பார்க்கச் சகிக்காது, ஆனால் பலிக்கும். விரல் நகத்தால் சுண்டினால் முழுசானது கணீரென்கும், விரிசல் விழுந்தது தொப்பென்று சத்தம் கொடுக்கும்.

ஆனால் பழங்காலத்துப் பழுதுவேலை வேறு ரகம். நல்ல பசை கிடைக்காத நாட்களில் உடைந்த பீங்கானின் இரண்டு பக்கமும் மெல்லிய துளை போட்டு, உலோகக் கவ்வியை இறுக்கி ரிவெட் அடித்துச் சேர்ப்பார்கள். அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருந்தார்கள். என்னிடம் ஒரு நாய் இருக்கிறது, கழுத்தோடு தலை தெறித்துப் போய், பின்னால் மூன்று ரிவெட்டில் நிற்கிறது. எனக்கு விற்ற பெண்மணி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விலையைக் குறைத்தார். எனக்கோ அந்த ரிவெட்டுகளுக்காகவே இரட்டிப்பாகக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது (கொடுக்கவில்லை). சந்தையில் மலிவாக வாங்கிய பொம்மைக்குக் கூலி கொடுத்துத் தலையை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் அது வெறும் அலங்காரமாக இருந்திருக்காது. முழுசாக, பளபளவென்று இருக்கும் ஜோடி எந்த வீட்டிலும் யாரும் தொடாமல் இருந்ததற்குத்தான் அத்தாட்சி.

அம்மா இங்கே வந்து தங்கியிருந்தபோது இந்த அலமாரியைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, மூக்கும் காதும் போனதையெல்லாம் எதுக்கு வீட்டுல வச்சிருக்கே? உடைஞ்ச பொம்மை வீட்டுக்கு ஆகாது” என்றார். சாமி பொம்மைக்குத்தானே அந்தக் கணக்கு, இது நாய்தானே என்றேன். “நாய் பைரவர் வாகனம் இல்லையா? அப்ப சாமி இல்லேன்னு எப்படிச் சொல்வே?” பதில் சொல்ல முடியவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் தானே துடைத்து வைத்திருந்தார், விரிசல் விழுந்தவற்றை மட்டும் நைசாகப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு.

உடைந்த நாய்க்கு மதிப்பில்லை என்று சொல்பவர்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு ரோமானியச் சலவைக்கல் நாய் இருக்கிறது, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிக உயரம். 1750-களில் ஹென்றி கான்ஸ்டன்டைன் ஜென்னிங்ஸ் என்ற ஆங்கிலேயர் ரோமில் ஒரு சிற்பப் பட்டறையிலிருந்து வாங்கி வந்தது. ஊரே அவரை ‘நாய் ஜென்னிங்ஸ்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வாலில் உடைசல் இருந்ததால், தன் நாயின் வாலைத் தானே வெட்டிய ஏதென்ஸ்காரர் அல்கிபியாடீஸின் நாய் இது என்றொரு பேரும் ஒட்டிக்கொண்டது. அந்த உடைசல் இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை. கடன் நெருக்கியபோது 1778-இல் ஜென்னிங்ஸ் அதை ஆயிரம் பவுண்டுக்கு விற்றார். 2001-இல் மக்களிடம் நன்கொடை திரட்டி மியூசியம் அதை வாங்கியபோது கொடுத்தது 6,62,297 பவுண்டு. அதுவும் ஒத்தைதான்.

வெண்கலத்தில் நாய் சேர்க்கிறவர்கள் தனி ஜாதி. பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டில் விலங்குகளையே வடித்த சிற்பிகளில் பியேர் ஜூல் மேன் செய்த வேட்டைநாய்களைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்திருக்கிறேன், விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரியும். என் சம்பளத்துக்கு அது போதும், பார்த்தால் போதும். வியன்னாவில் ஃப்ரான்ஸ் பெர்க்மன் பட்டறை செய்த, வண்ணம் பூசிய விரலளவு வெண்கல நாய்கள் கொஞ்சம் எட்டுகிற விலை, ஆனால் போலிகள் அதிகம், நான் ஒதுங்கிக்கொண்டேன்.

நம்மூர்க்காரர்களுக்கு மிகவும் பழகிய நாய் நிப்பர். கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாகி வந்த தமிழ் இசைத்தட்டுகளின் நடுவில் குழலுக்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அதுதான். பிரிஸ்டலில் பிறந்த நிஜ நாய், 1895-இல் செத்துப்போனது. அதற்கப்புறம்தான் ஃப்ரான்சிஸ் பராட் அதை ஓவியமாகத் தீட்டினார், முதலில் உருளைவைத்துப் பாடும் ஃபோனோகிராஃபோடு. 1899-இல் கிராமஃபோன் கம்பெனி, அதை அழித்துத் தங்கள் இயந்திரத்தை வரையச் சொல்லி, படத்துக்கு ஐம்பது, உரிமைக்கு ஐம்பது என்று நூறு பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. கடைகளில் காட்சிக்கு வைத்த காகிதக்கூழ் நிப்பர்களும் சாந்து நிப்பர்களும் இன்று நல்ல விலைக்குப் போகின்றன. பித்தளைக் குழலோடு புதுசாகச் செய்து, நாய்ப் படம் ஒட்டி ‘பழைய எச்எம்வி’ என்று சென்னையிலும் லண்டனிலும் விற்கிற கிராமஃபோன்களை மட்டும் தொடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மெக்சிகோவின் கொலிமாப் பகுதியில் கல்லறைகளுக்குள்ளிருந்து எடுத்த கொழுகொழுச் செம்மண் நாய்கள் உலகத்தின் மிக அழகான நாய்ச் சிற்பங்களில் சேரும், இரண்டாயிரம் வருஷத்துப் பழசு. அவை எனக்கு வேண்டாம். அவை சந்தைக்கு வந்தாலே ஒரு கல்லறை திறக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மெக்சிகோ 1972-இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. இந்தியாவின் தொல்பொருள் சட்டமும் அதே 1972-தான், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையை நாட்டைவிட்டு எடுத்துப் போக முடியாது. பைரவர் சிலை ஒன்று நாயோடு சேர்ந்து ஐரோப்பிய ஏலத்துக்கு வருவதைப் பார்க்கும்போது எந்தக் கோவில் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அது நிற்க வேண்டிய இடம் அந்த மண்தான். ஸ்டாஃபர்ட்ஷயர் நாயில் இந்தத் தொல்லை கிடையாது. விற்பதற்கென்றே செய்தது, யாருடைய சாமியும் இல்லை, யாருடைய சமாதியும் இல்லை.

எங்கே தேடுவது? நாட்டிங்ஹாம்ஷயரில் நியூவார்க் சந்தை, பழைய விமானத்தளத்தில் 84 ஏக்கரில் விரியும், கால் கெஞ்சும், காலையிலேயே போக வேண்டும். காரின் டிக்கியைத் திறந்துவைத்துப் பழஞ்சாமான் விற்கிற ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேல், தர்மகாரியத்துக்காகப் பழசு விற்கிற சாரிட்டி கடை, ஊர்ப்புற ஏலத்தின் ‘கலந்த சாமான்’ பெட்டிகள், இவையெல்லாம் ஒத்தை நாய்களின் இடம். விலையில்லாத ஒத்தையைத் தனியாக ஏலமிட யாரும் மெனக்கெடுவதில்லை, நாலு கோப்பையோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். பெட்டியின் அடியைப் பார்க்காமல் கை தூக்காதீர்கள்.

வாங்கி வந்ததும் தண்ணீரில் முக்காதீர்கள். உள்ளே வெற்றிடம், துளை வழியே தண்ணீர் போனால் வெளியே வராது, ரிவெட் இருந்தால் துருப்பிடித்துக் கறையிறங்கும். மேல்கிளேஸ் வண்ணமும் பொன்னும் தேய்த்தால் போய்விடும், எனவே சோப்பும் பிரஷும் வேண்டாம். லேசாக நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி போதும், சங்கிலி மேல் அதுவும் வேண்டாம். எடுக்கும்போது தலையைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுங்கள். களிமண் துணுக்குகளைத் தூவி ரோமம் மாதிரி ஒட்டிய ஒரு பூடில் வகை நாய் ஒத்தையாக, வலப்பக்கம் பார்க்கிற மாதிரி, எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள். காது போயிருந்தாலும் பரவாயில்லை.